கார் செட்டில் கிடக்கும் பழைய காரை நாமே கிளப்புவது எப்படி?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் கதவு திறக்கும் வீடுகள் நிறைய. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா என்று வந்தால் வளவில் (உள்முற்றத்தில்) விளக்கு எரியும். மற்ற நாளில் காவலுக்கு இருப்பவர் முகப்பில் படுத்திருப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டின் பக்கவாட்டில் ஒரு கார் செட் இருக்கும். அதற்குள் உறை போட்ட கார் ஒன்று கிடக்கும். விற்கவும் மனசு வராது, ஓட்டவும் ஆள் இருக்காது.

காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் கிடந்தது மாருதி 800. அப்பச்சியின் கார் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). 2010 ஜூலையில் பதிவானது. 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு நிறுத்தியவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. சென்னை வேலையை விட்டுவிட்டு 2025-ல் நான் ஊரோடு வந்ததும், முதல் வேலையாக இதைக் கிளப்பிவிடலாம் என்று இறங்கினேன். புது பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டினேன், சாவியைத் திருகினேன். அதுதான் தப்பு. ஐந்து வருஷத்துப் பெட்ரோலை உறிஞ்சிய பம்ப் அரை மணி நேரத்தில் கருகியது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கட்டியிருந்த கூட்டிலிருந்து பஞ்சு உள்ளே போனது. சும்மா விட்டிருந்தால் ஆகியிருக்காத செலவு 9,000 ரூபாய். எனக்கு மெக்கானிக் படிப்பு கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு வரிசை தெரிந்து செய்தபோது பெரும்பாலான வேலை என் கைக்குள்ளேயே முடிந்தது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சாவியைத் தொடுவது இதில் ஏழாவது படி.

1. ஸ்பேனருக்கு முன்னால் ஆர்.சி. புக்கைத் தேடுங்கள்

வண்டியைப் பார்க்கும் முன் பெட்டகத்தைத் திறந்து காகிதத்தைப் பாருங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம்தான் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் இதை ‘எஃப்.சி. எடுப்பது’ என்பார்கள். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். வண்டிக்கு 20 வயது தாண்டிவிட்டால் 2025 ஆகஸ்டில் வந்த மாற்றப்படி 10,000. கெடு முடிந்து தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் தனியாக ஏறும். பசுமை வரி வேறு உண்டு. பத்து வருஷம் முன்பே பதிவு முடிந்த வண்டி என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

ஆர்.சி.யில் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது ஹெச்.பி., அதாவது வங்கிக் கடன் குறிப்பு. கடனைக் கட்டி முடித்தாலும் ஆர்.சி.யில் இருந்து அந்தக் குறிப்பு தானாகப் போகாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும். அப்பச்சி 2013-லேயே கடனை முடித்துவிட்டார், ஆனால் குறிப்பு அப்படியே கிடந்தது. கடன் கொடுத்த வங்கி இதற்குள் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது, பழைய கணக்கைத் தேடி எடுக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தத் தாமதத்தால் மட்டும் எனக்கு 1,500 ரூபாய் கூடுதல்.

இரண்டாவது மொபைல் எண். அரசின் பரிவாகன் இணையதளத்தில் எதைச் செய்தாலும் ஓ.டி.பி. போவது பதிவில் உள்ள எண்ணுக்கு. அது எந்தக் காலத்து சிம்மோ! முதலில் அதை மாற்றுங்கள்.

மூன்றாவது, வண்டி யார் பெயரில் என்பது. உரிமையாளர் காலமாகிவிட்டிருந்தால் 30 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும், கொடுப்பவர் தாசில்தார். நம் வீடுகளில் ஒரு வாரிசு சிங்கப்பூரில் இருப்பார், இன்னொருவர் கோலாலம்பூரில் இருப்பார், கையெழுத்துக் காகிதம் வந்து சேரவே ஒரு மாதம் ஆகும். இதைக் குறுக்குவழியில் முடிக்க, “ஐயா விற்ற மாதிரி படிவம் 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்” என்று சொல்லும் புரோக்கர்கள் உண்டு. இறந்தவர் கையெழுத்தைப் போடுவது போலி ஆவணக் குற்றம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கணக்குப் பார்த்ததில் கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் போடுவதில் தப்பில்லை. ஆனால் ஆர்.சி.யை ரத்து செய்யாமல் போடாதீர்கள். அந்த எண்ணில் வேறு வண்டி ஏதாவது ஓடினால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

2. வாங்க வேண்டிய சாமான்

பெரிய பட்டியல் இல்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர் (எனக்கு 450 ரூபாய்), 8 முதல் 19 வரை ஸ்பேனர் செட் (900), பிளக் ஸ்பேனர் (150), ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட் (1,400), நல்ல டார்ச், ரப்பர் கையுறை, முகக்கவசம்.

ஸ்டாண்டுக்கு ஆகும் 1,400 ரூபாயை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் செம்புறாங்கல்லும் செங்கலும் எங்கு பார்த்தாலும் கிடக்கும், அதை அடுக்கி வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுக்கத் தோன்றும். செங்கல் எச்சரிக்கை கொடுத்துவிட்டு உடையாது. ஜாக்கியை மட்டும் நம்பியும் அடியில் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். தரை மண்ணாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள்.

3. எலி எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்

உறையை எடுத்ததும் பானெட்டைத் திறந்து பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். கையை உள்ளே விடும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். எலி இருந்த இடத்துக்குப் பாம்பு வருவது ஊரில் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

எலிப் புழுக்கை இருந்தால் உலர்ந்தபடி துடைக்காதீர்கள். கையுறை, முகக்கவசம் போட்டு, கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு எடுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரில் இருந்து வருவது, கையில் கீறல் இருந்தால் போதும்.

பிறகு வரிசையாக: ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே கூடு இருக்கிறதா பாருங்கள். ஒயர்கள் போகும் பாதை முழுவதையும் டார்ச் அடித்துத் தடவிப் பாருங்கள், கடித்த இடத்தில் தாமிரம் பளிச்சென்று தெரியும். பெட்ரோல் ஹோஸையும் எலி கடிக்கும். டேஷ்போர்டின் அடியில், சீட்டுக்குக் கீழே, ஸ்டெப்னி குழியில் பாருங்கள். கடைசியாக சைலன்சர் குழாய் வாய். எங்கள் காரில் குளவி அதில் மண்கூடு கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது.

கடித்த ஒயர் ஒன்றிரண்டு என்றால் நாமே சரி செய்யலாம். சேதமான துண்டை வெட்டி எடுத்து, அதே தடிமன் ஒயர் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ட்யூப் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது நம் வெயிலுக்கு நிற்காது, பசை உருகி ஒரு கோடைக்குள் கழன்றுவிடும். ஒரு கொத்து ஒயரையே கடித்துப் போட்டிருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதில் வீரம் காட்ட வேண்டாம்.

பியூஸ் பெட்டியையும் இப்போதே பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன இடத்தில் அதே நிறம்தான் போட வேண்டும். அப்பச்சியின் காரில் ஹார்ன் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாள் மடித்து வைத்திருந்தது. யார் செய்த கைங்கரியம் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒயர் தீப்பிடிக்காமல் தான் எரிந்து காப்பாற்றுவதற்குத்தான் பியூஸ். அதன் இடத்தில் தகடு வைத்தால் காரே பியூஸ் ஆகிவிடும்.

4. பேட்டரி

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். காரணம் எளிது. மைனஸ் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது. பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் மின்சாரம் முழுவதும் அந்த ஸ்பேனர் வழியே பாயும், கை வெந்துபோகும். மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12-க்குக் கீழே போனால் காலி. என்னுடையது 3.2 காட்டியது. அவ்வளவு இறங்கி வருஷக்கணக்கில் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். சார்ஜ் ஏற்றி மீட்கலாம் என்று இரண்டு நாளை வீணாக்கினேன். ஆறேழு மாதம் மட்டும் நின்ற வண்டி, 11-க்கு மேல் காட்டுகிறது என்றால் முயற்சி செய்து பார்க்கலாம். 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் ஆகாது.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டமான இடம் வேண்டும். ஆனால் அதற்காக நான் செய்ததைச் செய்யாதீர்கள். காற்று வருகிறதே என்று பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) கொண்டுவந்து வைத்தேன். கசிந்த அமிலம் ஆத்தங்குடிக் கல் ஒன்றைத் தின்றுவிட்டது. ஆத்தங்குடிக் கல் சிமென்ட், அமிலம் பட்டால் பூ டிசைன் அப்படியே வெளுத்துப் பொரிந்துவிடும். ஆத்தா இன்னும் அந்தக் கல்லைக் காட்டித்தான் விருந்தாளியிடம் என்னை அறிமுகம் செய்கிறார். அடியில் பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். இன்னொன்று, பழைய வீட்டு மூன்று துளை பிளக்கில் பல இடத்தில் எர்த் ஒயரே இணைத்திருக்க மாட்டார்கள். சார்ஜரைச் செருகும் முன் அதையும் எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிது வாங்கினால் பழையதைக் கொடுங்கள், விலையில் கழிப்பார்கள். எனக்கு 600 கழித்து 4,100 ஆனது. தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள், உத்தரவாத அட்டையில் அங்கேயே முத்திரை வாங்குங்கள். பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் காரைக்குடியில் தேதி பார்க்காமல் நான் வாங்கிய முதல் பேட்டரி பத்து மாதம் கடையில் தூங்கியது!

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைப் பொடிக்கு வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றித் தேயுங்கள். காய்ந்ததும் இறுக்கி மாட்டி மேலே வாசலின் தடவுங்கள்.

5. பழைய பெட்ரோலை வெளியே எடுப்பது

இந்தப் படியைத் தாண்டியதால்தான் எனக்கு பம்ப் போனது. பெட்ரோல் சில மாதத்திலேயே கெட ஆரம்பிக்கும். ஆவியாக வேண்டியது ஆவியாகி, மீதி பிசினாகும். நம் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், டேங்கின் அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் போய் வார்னிஷ் வாசம் அடித்தால் முழுவதும் வெளியே எடுக்க வேண்டியதுதான்.

செட்டுக்கு வெளியே, வெயில் இறங்கிய பிறகு, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். கையால் அழுத்தும் பம்ப் வைத்து மூடியுள்ள உலோக டின்னில் எடுங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. பக்கத்தில் மொபைல், பீடி, விளக்கு எதுவும் வேண்டாம். ஒரு வாளி மணல் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததைக் கிணற்றுப் பக்கமோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். பட்டறைக்காரர் பாகம் கழுவ வாங்கிக்கொள்வார்.

பெட்ரோல் ஃபில்டரையும் ரப்பர் ஹோஸ்களையும் புதிதாக மாற்றுங்கள். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் அதற்கென்று செய்யப்பட்டதல்ல, வெடிப்பும் கசிவும் சீக்கிரம் வரும். பிறகு ஐந்து லிட்டர் மட்டும் புதிதாக ஊற்றுங்கள். டேங்கை நிரப்ப அவசரம் இல்லை.

6. எஞ்சினைக் கையால் சுற்றுங்கள்

பிளக்குகளைக் கழற்றுங்கள், 800-க்கு மூன்றுதான். ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். சிலிண்டர் சுவரில் காய்ந்திருக்கும் ரிங்குகளுக்கு அது போய்ச் சேர வேண்டும். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி (எஞ்சினின் பக்கவாட்டில் கீழே பெல்ட் சுற்றும் சக்கரம்) நட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடங்கல் இல்லாமல் வந்தால் பெருமூச்சு விடலாம். நடுவில் இறுகி நின்றால் பலம் கொடுக்காதீர்கள், இன்னும் ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மெக்கானிக் வேலை.

பழைய எஞ்சின் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள், ஆயில் ஃபில்டரும் மாற்றுங்கள். 800-க்கு மூன்று லிட்டர் டின் ஒன்று போதும். கூலன்ட் துருநிறமாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உப்புப் படிந்து அடைத்துவிடும்.

7. இப்போது சாவி

வண்டியைச் செட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் வரும் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, ஆளைக் கொன்றுவிடும்.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, பெட்ரோல் பம்ப் பியூஸை எடுத்துவிட்டு, இக்னிஷன் காயிலின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஐந்து ஐந்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை. ஆயில் மேலே ஏறியதற்கு அதுதான் அடையாளம். பிறகு புதுப் பிளக், காயில் இணைப்பு, பியூஸ் எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

கிளம்பவில்லையா? பதற வேண்டாம், சத்தத்தைக் கேளுங்கள்.

சாவி போட்டும் விளக்கே எரியவில்லை: பேட்டரி டெர்மினல், பிரதான பியூஸ்.

விளக்கு எரிகிறது, ஒரே ஒரு ‘டக்’ அல்லது ‘டக்டக்டக்’: மின்சாரம் போதவில்லை. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி. விழாமல் நின்றால் எர்த் ஒயரைச் சந்தேகப்படுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் துருப்பிடித்திருக்கிறது. கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் போதும். எனக்கு 1.8 காட்டியது. அதற்கு முந்தின நாள்தான் ஒருவர் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டும், 3,500 ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை: சாவியை ‘ஆன்’ வரை திருப்பி, பின்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச்), பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். பியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது காசில்லாத சோதனை. பம்ப் ஓடுகிறது என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி வரவில்லை. காய்ந்திருந்தால் நேர்மாறு.

பற்றி உடனே நின்றுவிடுகிறது: காற்றுப் பாதையில் அடைப்போ, எலி கடித்த வேக்கம் குழாயோ. சைலன்சரையும் மறுபடி பாருங்கள், குளவிக்கூடு மிச்சம் இருக்கலாம்.

பக்கத்துக் காரில் இருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதாக இருந்தால் வரிசை இதுதான்: காலியான பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்லதின் மைனஸ், கடைசி முனை நம் எஞ்சினின் வெறும் இரும்பில். அந்தக் கடைசி இணைப்பில் பொறி பறக்கும். அதனால்தான் பேட்டரிக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்.

கிளம்பியதும் ஆயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) நன்றாக இருக்கிறது. இருபது நிமிஷம் ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். முதல் சில நிமிஷம் நீலம் கலந்த வெள்ளைப் புகை வரும், நாம் விட்ட ஆயில் எரிவது அது.

8. கிளம்பினால் போதுமா, நிற்க வேண்டாமா?

எஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் அப்படியே காரைக்குடி ரோட்டுக்கு எடுத்துப் போனவர் கதை எங்கள் ஊரிலேயே உண்டு. பிரேக்கைப் பார்க்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் பின் டிரம்மோடு ஷூ ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் பலத்தால் இழுத்தால் ஷூவின் லைனிங் பிய்ந்துவரும். டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டி, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும், ஐந்து வருஷத்துப் பழசை முழுவதும் மாற்ற வேண்டும். மூடியில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை அங்கே ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மொத்த பிரேக்கையும் மாற்ற நேரும்.

டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் தயாரித்தது. எங்கள் காரில் இருந்தது 3115. பார்க்கப் புதிது போல இருந்தது, வளைத்துப் பார்த்தால் வெடிப்பு. நான்கையும் மாற்றினேன், 10,400 ரூபாய். மொத்தத்தில் பெரிய செலவு இதுதான்.

9. மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

டைமிங் பெல்ட், பிரேக் வீல் சிலிண்டர், டேங்கை இறக்கிக் கழுவுவது, ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதுவும். டைமிங் பெல்ட் ரப்பர். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயதானால் மாற்ற வேண்டியதுதான்.

வேலை கொடுக்கும் முன் என்ன பாகம், என்ன விலை, என்ன கூலி என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பவர் என்று தெரிந்தாலே பில் குறையும். மதுரையோ திருச்சியோ ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இழுத்துக்கொண்டு போகிற செலவுக்கு உள்ளூர்ப் பட்டறையே மேல். பழைய 800-ஐக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற ஆட்கள் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள்.

10. ரோட்டுக்கு வரும் முன் காகிதம்

வரிசை: இன்சூரன்ஸ், புகைச் சான்று, பதிவுப் புதுப்பிப்பு.

பழைய காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் போதும் என்பது என் கருத்து. 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை 2,094, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 2,471. உரிமையாளருக்கான விபத்துக் காப்பு தனி. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். ஆனால் பயப்பட வேண்டியது அபராதத்துக்கு இல்லை. யார் மீதாவது இடித்துவிட்டால் இழப்பீடு முழுவதும் நம் கையில் இருந்து போகும்.

புகைச் சான்று பி.எஸ். 4 (புகை அளவு விதி) வண்டிக்கும் அதற்குப் பிந்தியதற்கும் ஒரு வருஷம், அதற்கு முந்தியதற்கு ஆறு மாதம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு போங்கள், குளிர்ந்த எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு கூடுதலாகக் காட்டும்.

புதுப்பிப்புக்குப் படிவம் 25. கெடு முடிவதற்கு 60 நாள் முன்பே மனுப் போடலாம். பரிவாகனில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, ஆய்வு நாளை எடுக்க வேண்டும். பழைய அபராதச் சலான் ஏதாவது நிலுவையில் இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். சேஸ் எண்ணை (வண்டி உடம்பில் பொறித்திருக்கும் எண்) பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துருவும் பெயின்ட்டும் மூடியிருந்தால் அதைச் சுத்தம் செய்யவே அரை நாள் போகும், ஆய்வு அன்று காலையில் தேடாதீர்கள். சிவகங்கை மாவட்ட வண்டிக்கு டி.என். 63, புதுக்கோட்டைக்கு டி.என். 55. ராயவரம், அரிமளம் பக்கத்துக்காரர்கள் காரைக்குடிக்கு வந்து நின்று திரும்பிப் போனதைப் பார்த்தேன்.

பதிவு முடிந்த வண்டியை ஓட்டிக்கொண்டே ஆய்வுக்குப் போவது பலரும் செய்வது. வழியில் பிடித்தால் 5,000 வரை அபராதம். நான் சின்ன லாரியில் ஏற்றிக் கொண்டுபோனேன், 1,200 ரூபாய். ஆய்வில் பார்த்தவை: எஞ்சின், சேஸ் எண், எல்லா விளக்கும், ஹார்ன், வைப்பர், சீட் பெல்ட், பிரேக், வண்டியின் நிறம் ஆர்.சி.யில் உள்ளதுதானா. ஆசைக்கு வேறு நிறம் அடித்து வைத்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

புது ஆர்.சி. தபாலில் வரும். இங்குதான் நம் ஊருக்கே உரிய வம்பு. முகவரி பூட்டிய வீடாக இருந்தால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார், மறுபடி அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் வீட்டில் யாராவது இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

11. மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள்

வண்டி வேலைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டேன், ஏழு ஆனது. காகித வேலை, ஹெச்.பி.யையும் சேர்த்து நாலு மாதம். டயர், பேட்டரி, பம்ப், டைமிங் பெல்ட், பிரேக், சாமான் எல்லாம் சேர்ந்து 34,000 சொச்சம். அரசுக் கட்டணம், இன்சூரன்ஸ், லாரி எல்லாம் சேர்ந்து 11,000-க்குள். நான் செய்த தப்புகளை நீங்கள் செய்யாவிட்டால் இதில் பத்தாயிரம் குறையும். மழைக்கு முன், ஆவணி முடிவதற்குள் வெளி வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசியில் செட்டுக்கு வெளியே நின்று எதையும் செய்ய முடியாது.

திரும்ப ஊரை விட்டுப் போகிறவர்கள் பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போங்கள். சைலன்சர் வாயில் கம்பிவலை ஒரு துண்டு. காவலுக்கு இருப்பவரிடம் சாவியைக் கொடுத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மைனஸை மாட்டி, வெளியே எடுத்து இருபது நிமிஷம் ஓடவிடச் சொல்லுங்கள். கிளப்பும் முன் கட்டையையும் வலையையும் எடுக்க மறக்க வேண்டாம் என்று சொல்லி, அதைச் செட் கதவில் எழுதியும் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது தடவையே மறந்துவிட்டார்கள்.